சாண எரிவாயுத் தொட்டி வாங்குமுன் மாட்டை எண்ணிப் பாருங்கள்

எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு பச்சை ஃபைபர் தொட்டி நிற்கிறது. 42,000 ரூபாய். இப்போது அதன்மேல் புடவை காய்கிறது. சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் இதை விற்க இன்னும் ஆள் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த பையன் வாய்ச்சொல்லில் கெட்டி. "சிலிண்டர் வேணாம்மா, விறகு வேணாம், ரெண்டு மாடு இருந்தாப் போதும். மானியத்தை நாங்களே வாங்கித் தந்துருவோம்." அம்மாவிடம் இருந்ததும் ரெண்டு மாடுதான். குழுக்கடன் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவன் விற்றது 2 கன மீட்டர் கலன், அதாவது நாளைக்கு 2,000 லிட்டர் வாயு தரும் அளவு. ஒரு கிலோ சாணிக்குச் சுமார் 40 லிட்டர் வாயு வரும். அப்படியானால் தினம் 50 கிலோ சாணி வேண்டும். ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ போடும், அதுவும் முழுநாளும் கட்டுத்தறியில் நின்றால். எங்கள் மாடுகள் காலையில் அவிழ்த்துவிட்டால் பொழுது சாயத்தான் வரும். பாதிச் சாணி கண்மாய்க்கரையில் கிடக்கும். வீட்டில் அள்ளுவது பத்துப் பன்னிரண்டு கிலோ. அதில் வரும் வாயுவில் சோறு வடிக்கலாம், குழம்புக்கு விறகுதான்.

சாணி எவ்வளவோ அவ்வளவு தண்ணீரும் கரைக்க வேண்டும். பங்குனியில் கண்மாய் வற்றி, குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில், குடத்தைத் தொட்டிக்கு ஊற்றுவதா, மாட்டுக்குக் காட்டுவதா?

முதல் நிரப்பு பற்றி அவன் மூச்சே விடவில்லை. கலனை முதலில் நிரப்ப டன் கணக்கில் சாணி வேண்டும். அம்மா தெருத்தெருவாகக் கேட்டு, கடைசியில் காசு கொடுத்து டிராக்டரில் அடித்தார். மூன்று வாரம் கழித்து அப்பத்தா அடுப்பைத் திருகித் தீக்குச்சி கிழித்தால், குச்சியே அணைந்தது. போன் போட்டால் "கொஞ்சம் பொறுங்கம்மா". அடுத்த வாரம் சுவிட்ச் ஆஃப். முதலில் வருவதில் பெரும்பகுதி கரியமில வாயு, அது எரியாது, நெருப்பை அண்டவிடாமல் சில நாள் திறந்து வெளியேற்ற வேண்டும் என்பது பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம், அதைக்கூடச் சொல்லவில்லை பாவி.

பிறகு நீலமாக எரிந்தது, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு மாதத்தில் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. குழாயைத் தொய்வாக இழுத்திருந்தான். வாயுவோடு வரும் ஈரம் பள்ளத்தில் தேங்கி வழியை அடைத்திருந்தது. தண்ணீர் வடிக்க ஒரு திருகுகூட வைக்கவில்லை. சித்திரையில் எல்லாம் நின்றது.

மானியமா? ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் வாங்கிப் போனான். விசாரித்தால் அம்மா பெயரில் விண்ணப்பமே போகவில்லை.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் ஆறு மாட்டைக் கட்டித் தீனி போடுகிறவர் வீட்டில், தீனபந்து என்று 1984-இல் உருவான வடிவமைப்பில் கட்டிய செங்கல் குவிமாடக் கலனில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. விரிசல் விட்டால் உள்ளூர்க் கொத்தனாரே பூசுகிறார். கழிவு அப்படியே வயலுக்குப் போகிறது. எங்கள் தொட்டியில் கீறல் விட்டால் யாரைக் கூப்பிடுவது?

உங்கள் ஊருக்கு ஆள் வந்தால், மாடு மேய்ச்சலா கட்டுத்தறியா என்று அவனாகக் கேட்கிறானா பாருங்கள். விண்ணப்ப எண் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.