சக்கர நாற்காலியோடு ஏறும் வேன்: ஆறு வருடம், இரண்டு வண்டிகள்

மோட்டார் வைத்த சக்கர நாற்காலியை விட்டு இறங்காமலே ஏறக்கூடிய வண்டியை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். முதல் வண்டி இரண்டு வருடம், இப்போதுள்ளது நான்கு வருடம். முதல் வண்டியைத் தவறாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அது பின்பக்கமாக ஏறும் வேன். சாய்தளத்தைக் கையால் இழுத்து விரிக்க வேண்டும். விலை குறைவு, பழுதாவதற்கு மோட்டார் இல்லை, பக்கத்தில் வேறு வண்டி ஒட்டி நின்றாலும் ஏறி இறங்கலாம். எல்லாம் நல்ல வசதிகள்தான். ஆனால் சாய்தளத்தை விரிக்கவும், நாற்காலியின் நான்கு மூலையிலும் பெல்ட் மாட்டவும் ஓர் ஆள் வேண்டும். அவருக்கு நேரம் கிடைக்கும்போதுதான் எனக்குப் பயணம். பின் அச்சுக்கு மேலே உட்கார்வதால் ஒவ்வொரு குழியும் முதுகில் இறங்கும். முன்னால் பேசுவது காதில் விழாது. எல்லோரும் சிரிப்பார்கள், நான் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். குலுக்கலைவிட அதுதான் வலித்தது.

இப்போதுள்ளது தளம் தாழ்த்திய, பக்கவாட்டில் ஏறும் வண்டி. பொத்தானை அழுத்தினால் கதவு திறந்து சாய்தளம் விரியும். ஸ்டியரிங்குக்கு நேராகப் போனால் தரையிலுள்ள பூட்டில் நாற்காலி தானே மாட்டிக்கொள்ளும். முறையாகப் பயிற்சி எடுத்து, கையாலேயே ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் இயக்கி நானே ஓட்டுகிறேன். யாரையும் கேட்காமல் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பிய அன்று, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வாங்குவதற்கு முன் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறிப் பாருங்கள். தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்தால் மட்டும் போதாது. சாய்தளத்தின் மேல்முனையைத் தாண்டும்போது தலை கதவுச் சட்டத்தை நெருங்கும். சரிவையும் பாருங்கள். கட்டடங்களில் பொதுவாக 12-க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்பார்கள். வண்டியில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. என் வண்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு 150 செ.மீ. நீளம், அதாவது 5-க்கு 1. மோட்டார் நாற்காலிக்கு இது பரவாயில்லை, கையால் உருட்டுபவருக்குக் கடினம். நாற்காலியின் எடையோடு உங்கள் எடையையும் கூட்டி, சாய்தளம் தாங்குமா என்று கேளுங்கள்.

இன்னொன்று, நாற்காலியிலேயே இருக்கும் இடுப்புப் பட்டை விபத்தில் காப்பாற்றாது. வண்டியின் தோள், இடுப்பு பெல்ட்டைத் தனியாகப் போட வேண்டும். நாற்காலியும் வாகனப் பயணத்துக்கெனச் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 7176-19 என்ற தரம் இதற்கானது.

இந்த வண்டியிலும் குறைகள் உண்டு. தளம் தாழ்ந்திருப்பதால் வேகத்தடையில் அடி உரசும். பூட்டுக்காக நாற்காலியின் அடியில் பொருத்திய கம்பி சில வாசற்படிகளில் தட்டும். பக்கத்தில் யாராவது நெருக்கி நிறுத்திவிட்டால் ஏற முடியாது, அதனால் வரிசையின் ஓரத்திலேயே நிறுத்துகிறேன். சாய்தளக் கீலில் மணல் சேரும், வாரம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும். போன மழைக்காலத்தில் சாய்தளத்தின் மோட்டார் ஒருமுறை நின்றேவிட்டது. அப்போது கையால் விடுவிக்க ஒரு நெம்புகோல் உண்டு. அது நாற்காலியிலிருந்து எட்டுமா என்று வாங்கும்போதே பாருங்கள். எனக்கு எட்டவில்லை, நாடா கட்டி நீட்டி வைத்திருக்கிறேன்.