மண்டிக் கணக்குக்கு மென்பொருள்: டெஸ்க்டாப்பா, வெப்பா?

பர்கூர், தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கிற பையன்கள் இறுதியாண்டு புராஜெக்ட் நேரத்தில் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, சி ஷார்ப்ல பண்ணலாமா, பிஎச்பில பண்ணலாமா?" அதாவது, ஒவ்வொரு கணினியிலும் நிறுவும் டெஸ்க்டாப் புரோகிராமா, பிரவுசரில் திறக்கும் வெப் புரோகிராமா என்று. மதிப்பெண்ணுக்கு மட்டும் என்றால் எதில் பண்ணினாலும் சரி. அதைக் கொண்டுபோய் உண்மையான கடையில் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்காய் மண்டிக்கு எடைச்சீட்டு, விவசாயி கணக்கு, கமிஷன் கணக்கு எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். முதலில் சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரைகள் செய்யும் கருவி), ஆக்சஸ் டேட்டாபேஸ். ஒரு சீசன் அதில் ஓடியது. அடுத்த சீசனுக்கு முன் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு மாற்றினேன். என் சாய்வு வெப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப் என்றவுடன் இன்டர்நெட் என்று நினைக்க வேண்டாம். மண்டிக்குள்ளேயே ஒரு கணினியை சர்வராக வைத்து, மற்றவை லேன் (உள் நெட்வொர்க்) வழியாக பிரவுசரில் திறக்கும் ஏற்பாடு அது.

கற்றுக்கொள்ள எது சுலபம்? டெஸ்க்டாப்தான். பட்டனை இழுத்துப் போட்டு, டபுள் கிளிக் பண்ணி, கோடு (நிரல்) எழுதி எஃப்5 அழுத்தினால் ஓடுகிறது. தவறு இருந்தால் விஷுவல் ஸ்டுடியோ அந்த வரியிலேயே நின்று காட்டும். "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்" என்று அது கத்தினால், உருவாக்காத ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் மர்மம் இல்லை. வெப்பில் தவறு பிரவுசரில் இருக்கலாம், சர்வரில் இருக்கலாம், டேட்டாபேஸில் இருக்கலாம். பல நேரம் வெறும் வெள்ளைப் பக்கம்தான் கிடைக்கும். பிஎச்பியில் 'டிஸ்ப்ளே எர்ரர்ஸ்' அமைப்பை ஆன் பண்ணுவதும், பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்ப்பதும் பழகும்வரை கொஞ்சம் தவிப்புதான். புதியவர்கள் அதிகம் மாட்டுவது ஓர் அற்ப விஷயத்தில்: எடைப் பெட்டிக்கு 'ஐடி' கொடுத்திருப்பார்கள், 'நேம்' கொடுத்திருக்க மாட்டார்கள். பெட்டி கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதிலுள்ள எண் சர்வருக்குப் போகவே போகாது. பிஎச்பி 8 என்றால் "அன்டிஃபைண்ட் அரே கீ" என்று எச்சரிக்கை வரும். நேம் போட்டால் முடிந்தது.

இரண்டுக்கும் பொதுவான தொல்லைகளை ஓரிரு வரியில் கடந்துவிடலாம். பணத்தை டபுள், ஃப்ளோட் வகையில் வைக்காதீர்கள், 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். சி ஷார்ப்பிலும் டேட்டாபேஸிலும் டெசிமல் வகை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி ஒரு வகை இல்லாததால் இறுதித் தொகையைப் பிரவுசரில் கணக்கிட வேண்டாம். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால், எஸ்க்யூஎல் சர்வரில் டேபிளின் அந்த நெடுவரிசை என்வார்ச்சார் (யூனிகோடு எழுத்து) வகையா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் டேபிளோடு இணைப்புக்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள். டேபிளுக்குக் கொடுத்துவிட்டு இணைப்பை மறப்பவர்கள்தான் அதிகம். அப்புறம், பயனர் அடித்ததை அப்படியே எஸ்க்யூஎல் வரியில் (டேட்டாபேஸுக்கான கட்டளையில்) ஒட்டாதீர்கள். திருட்டு பயம் ஒருபுறம் இருக்கட்டும், பெயரில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இருந்தாலே சேமிப்பு நின்றுவிடும். பாராமீட்டர் முறையில், அதாவது மதிப்பைக் கட்டளையிலிருந்து தனியாக அனுப்பினால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

தேதியில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. டெஸ்க்டாப்பில் தேதியை எழுத்தாக வைத்து மாற்றினால், 04/05 என்பது ஏப்ரலா மே மாதமா என்பதை அந்தக் கணினியின் ரீஜன் அமைப்பு முடிவு செய்யும். வெப்பில் தேதிக்கான இன்புட்டைப் போட்டால், திரையில் எப்படித் தெரிந்தாலும் சர்வருக்கு ஆண்டு-மாதம்-நாள் வரிசையில்தான் போகும். மாங்காய் சீசனே ஏப்ரல் முதல் ஜூலை வரைதான். அதில் இரண்டு மாதம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் எழுதும்போது வரும் பிரச்சினை. என்னை மாற வைத்தது எழுதி முடித்த பிறகு வருவது.

மண்டியில் இருக்கும் கணினிகள் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று விண்டோஸ் 10, ஒன்று விண்டோஸ் 7, ஒன்றில் 32 பிட் ஆபீஸ், இன்னொன்றில் ஆபீஸே இல்லை. என் லேப்டாப்பில் அழகாக ஓடிய புரோகிராம் அங்கே போனதும் "மைக்ரோசாஃப்ட் ஏஸ் ஓஎல்இடிபி 12.0 புரொவைடர் பதிவாகவில்லை" என்று நின்றது. ஆக்சஸ் ஃபைலைத் திறக்கும் டிரைவர் இல்லை, அல்லது புரோகிராம் 64 பிட், இருக்கும் டிரைவரோ 32 பிட் என்பதுதான் அதன் பொருள். புரோகிராமை எக்ஸ்86-க்கு (32 பிட்டுக்கு) பில்ட் பண்ணி, அதே பிட் அளவுள்ள ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சினைப் போட்டால் சரியாகும். ஒரு கணினியில் சரியாகும். அடுத்த கணினியில் சி ஷார்ப் புரோகிராம் ஓடத் தேவையான டாட்நெட் பதிப்பு இருக்காது. அதற்கடுத்ததில் ஆன்டிவைரஸ் எக்ஸ்இ (புரோகிராம்) ஃபைலையே தூக்கிவிடும். விண்டோஸ் 7-இல் டாட்நெட் 7-க்கு மேல் ஆதரவே இல்லை. குரோமும் பதிப்பு 109-உடன் அங்கே நின்றுவிட்டதுதான், ஆனால் சீட்டுப் போடும் எளிய பக்கத்தை அந்தப் பழைய குரோம் தாராளமாகத் திறக்கிறது.

இதைவிட மோசம், சீசன் நடுவில் கணக்கு முறை மாறுவது. சேதக் கழிவைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கமிஷன் போட வேண்டும் என்று மண்டிக்காரர் சொல்கிறார். ஆயிரம் கிலோ மாங்காய், கிலோ 18 ரூபாய், கழிவு 20 கிலோ, கமிஷன் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் கமிஷன் 1,440 ரூபாய். புது முறையில் 1,411 ரூபாய் 20 காசு. டெஸ்க்டாப் என்றால் புது எக்ஸ்இ ஃபைலை ஒவ்வொரு கணினியிலும் போட்டாக வேண்டும். கேட்டுக்குப் பக்கத்துக் கணினி ஒன்று விட்டுப்போனால், ஒரே லோடுக்கு இங்கே ஒரு தொகை, அங்கே ஒரு தொகை. விவசாயி இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அங்கே கோடு பற்றிப் பேச முடியாது. வெப்பில் மாற்ற வேண்டியது சர்வரில் ஒரே ஒரு ஃபைல். அடுத்த சீட்டு எந்தக் கணினியில் விழுந்தாலும் புதுக் கணக்குதான். ஒரே எச்சரிக்கை: டிசைன் ஃபைலும் ஜாவாஸ்கிரிப்டும் பிரவுசர் கேஷில் (அது சேமித்து வைக்கும் பழைய நகலில்) தங்கிவிடும். கன்ட்ரோல் எஃப்5 அடிக்கச் சொல்வதைவிட, ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுவது நல்லது.

போனில் பிழை கேட்பதும் இதோடு சேர்ந்தது. கணக்குப் பார்க்கும் அண்ணன் கூப்பிடுவார்: "தம்பி, என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்." அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பது அதோடு போச்சு. டெஸ்க்டாப்பிலும் லாக் (பிழைப் பதிவு) எழுதலாம், ஆனால் அது எந்தக் கணினியில் கிடக்கிறது என்று தேட வேண்டும். வெப்பில் எல்லாத் தவறும் சர்வரின் ஒரே லாகில் நேரத்தோடு விழுகிறது. பேக்கப்பும் அப்படித்தான்: ஒரே இடத்தில் ஒரு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்துப் பென்டிரைவில் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஷேர் ஃபோல்டரில் கிடக்கும் ஆக்சஸ் ஃபைலை நாலு பேர் திறந்து வைத்திருக்கும்போது கரண்ட் போனால் அது உடைய நல்ல வாய்ப்பு உண்டு.

வெப்புக்கும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடும், எல்லாக் கணினியிலும் பக்கம் திறக்காது. ரவுட்டரில் அந்த ஐபியை நிலையாக ஒதுக்கி வையுங்கள். சர்வரில் திறக்கிறது, மற்றவற்றில் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால் மேல் இருக்கட்டும். வெப் பக்கங்கள் போய்வரும் போர்ட் 80-ஐ அதில் அனுமதிக்க வேண்டும். எக்ஸாம்ப் (வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் சேர்ந்த தொகுப்பு) போட்டிருந்து அதில் மைஎஸ்க்யூஎல் திடீரென நின்றால், பெரும்பாலும் கணினி முறையாக அணைக்கப்படாததுதான் காரணம். சர்வருக்கு யூபிஎஸ் கட்டாயம். அந்த ஒரு கணினி படுத்தால் மண்டியே படுக்கும் என்பதும் உண்மை, அதனால் கார்பன் வைத்த கை பில் புத்தகம் மேசையில் எப்போதும் இருக்கிறது.

டெஸ்க்டாப் வெளிப்படையாக ஜெயிக்கும் இடம் பிரின்டரும் தராசும். டெஸ்க்டாப்பில் பட்டனை அழுத்தினால் தெர்மல் பிரின்டரில் சீட்டு வரும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் பிரின்ட் பெட்டியைத் திறந்து கேட்கும். லாரி வரிசையில் நிற்கும்போது அது எரிச்சல். குரோமைக் கியாஸ்க் பிரின்டிங் அமைப்போடு தொடங்கினால் கேட்காமல் அடிக்கும். தராசின் சீரியல் போர்ட்டை குரோம் 89 முதல் பிரவுசரே படிக்கலாம் என்றாலும், அதற்குப் பாதுகாப்பான இணைப்பு வேண்டும். எச்டிடிபிஎஸ் இல்லாத லேன் முகவரியில் அது வேலை செய்யாது. அதனால் எடைமேடைக் கணினியில் மட்டும் ஒரு சின்ன சி ஷார்ப் புரோகிராம் விட்டு வைத்திருக்கிறேன். எடையைப் படித்து சர்வருக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. கமிஷன், கழிவு எதுவும் அதற்குத் தெரியாது.

கிளிக்ஒன்ஸ் போட்டால் டெஸ்க்டாப் புரோகிராமும் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று நண்பர்கள் சொல்வார்கள். சோதனைக்குப் போட்டதோடு சரி, கடையில் வைத்து ஒரு சீசன் ஓட்டியதில்லை. அதனால் அதற்கு எதிராக உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். வெளி ஹோஸ்டிங்கில் வைப்பதும் அப்படியே. சீசன் நேரத்தில் நெட் போனால் சீட்டு நிற்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரே கணினி, ஒரே ஆள், ஒரு பிரின்டர் உள்ள கடை என்றால் யோசிக்கவே வேண்டாம், டெஸ்க்டாப்பும் எஸ்க்யூலைட்டும் (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) போதும். ஏற்கெனவே டெஸ்க்டாப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் கலைத்து எழுத வேண்டியதில்லை. முதலில் ஆக்சஸை விட்டு டேட்டாபேஸை ஒரு சர்வருக்கு மாற்றுங்கள். அப்புறம் கமிஷன் கணக்கை ஃபார்மிலிருந்து எடுத்து அந்த சர்வரிலேயே ஒரு ஸ்டோர்டு புரொசீஜராக (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைக்கும் நிரலாக) வையுங்கள். திரைகளை வெப்புக்கு மாற்றுவதை சீசன் முடிந்து ஆகஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.