முகடா, சராசரியா? கோத்தகிரி எடை நோட்டு சொல்லும் கணக்கு

தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தராசில் தொங்கவிட்டு, ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்து, நோட்டில் எண் எழுதும் வேலையைக் கோத்தகிரிப் பக்கம் சில காலம் பார்த்தவன் நான். அண்ணன் மகள் போன வாரம் கணக்குப் புத்தகத்தோடு வந்து, "சித்தப்பா, முகடு ஒண்ணு சொல்லுது, சராசரி ஒண்ணு சொல்லுது, எதை நம்புறது?" என்றாள். முகடு என்றால் அதிகம் பேர் திரளும் அளவு. அந்த நோட்டின் சாயலில் நானே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். 40 பேர், ஒரு நாள் பறிப்பு:

10–20 கிலோ: 4 பேர்
20–30: 14
30–40: 10
40–50: 6
50–60: 4
60–70: 2

சராசரிக்கு ஒவ்வொரு பிரிவின் மைய மதிப்பையும் நிகழ்வெண்ணால், அதாவது அதிலுள்ள ஆட்களின் எண்ணிக்கையால், பெருக்கிக் கூட்ட வேண்டும். 20–30இல் உள்ள 14 பேரும் 25ஐச் சுற்றித்தான் பறித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஓடும் கணக்கு இது. கூட்டினால் 1,380; 40ஆல் வகுத்தால் 34.5 கிலோ.

முகட்டுக்கு ஆள் அதிகமுள்ள பிரிவு போதும்: 20–30. அதற்குள் எந்த இடம்? பக்கத்துப் பிரிவுகளைப் பார். இடப்பக்கம் 4 பேர், வலப்பக்கம் 10 பேர். கூட்டம் வலப்பக்கம் சாய்கிறது. 14லிருந்து இரண்டையும் கழித்தால் 10, 4. பிரிவின் அகலத்தை 10:4 என்று பங்கிட்டால் 20உடன் 7.1 சேர்ந்து 27.1 கிலோ. சூத்திரம் பயமுறுத்தினாலும் உள்ளே நடப்பது இந்தப் பங்கீடுதான்.

ஏழு கிலோவுக்கு மேல் இடைவெளி! கையால் கிள்ளுபவர்களையும் கத்தரி பிடிப்பவர்களையும் ஒரே பட்டியலில் அடைத்தால் இப்படித்தான் வால் நீளும். அந்த வால் சராசரியை இழுக்கும். கடைசி இருவர் 90–100 பறித்திருந்தால் சராசரி 36 ஆகிவிடும், முகடு அசையாது. வண்டிக்கு எத்தனை கிலோ ஏற்றுவது என்று கேட்டால் எனக்குச் சராசரிதான் வேண்டும். ஆள் கணக்கால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும். ஆனால் அதையே தலைக்கு இலக்காக வைத்த ஒரு தோட்டத்தை எனக்குத் தெரியும். இந்தப் பட்டியலில் அப்படிச் செய்தால் சுமார் 22 பேர் தினமும் திட்டு வாங்குவார்கள். அங்கே முகடுதான் நியாயம்.

'60க்கு மேல்' என்று மொட்டையாக எழுதிவிட்டால் சராசரிக்கு மைய மதிப்பு கிடைக்காமல் திண்டாட வேண்டும். முகட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

அதற்காக முகட்டைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. இதே ஆட்களை 0–20, 20–40, 40–60, 60–80 என்று பிரித்தால் 4, 24, 10, 2 பேர். சராசரி 35, அரை கிலோதான் நகர்ந்தது. முகடோ 31.8க்குத் தாவிவிட்டது! கொழுந்தும் அதேதான், ஆளும் அதேதான்; நோட்டில் கோடு போட்ட இடம்தான் வேறு.

எல்லாரையும் வரிசைப்படுத்தினால் சரிபாதியில் வரும் எடைதான் இடைநிலை அளவு. அதை மூன்றால் பெருக்கி, சராசரியின் இருமடங்கைக் கழித்தால் முகடு ஏறத்தாழ வரும் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. முதல் பட்டியலின் இடைநிலை அளவு 32. அவள் 96லிருந்து 69ஐக் கழித்து, "27! சரியா வருது சித்தப்பா" என்று குதித்தாள். அகலப் பட்டியலிலும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 30 வந்தது, 31.8 அல்ல. பென்சிலைக் கடித்தபடி மறுபடியும் முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.