தாத்தா உடைக்கு டிரை கிளீனிங்கா, வாளித் தண்ணீரா?

வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்த மறுநாள் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடையை யாரும் கண்டுகொள்வதில்லை. ராத்திரி முழுக்க வேனிலும் தெருவிலும் ஆடிய உடை அது. உள்ளே வியர்வை, தாடியில் டீ, தோளில் பட்டாசுப் புகை. அப்படியே சுருட்டி பிளாஸ்டிக் பையில் திணித்து சபை அலமாரியில் போட்டுவிட்டு, அடுத்த டிசம்பரில் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். பனி பெய்யும் ஊருக்கு ஏற்ற உடை இது. அங்கே இதமாக இருக்கும் வெல்வெட், தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் போட்டவரைக் குளிப்பாட்டிவிடும். அதனால் எதை வாங்கலாம், எப்படித் துவைக்கலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வியர்வை போகுமா?

கடைச் சலவையும் கைச் சலவையும்

நல்ல உடை என்றால் டிரை கிளீனிங்தான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் பெர்குளோரோஎத்திலீன் மாதிரியான கரைப்பானில் துணியை அலசுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு, மேக்கப், மெழுகு எல்லாம் அதில் அருமையாகப் போகும். வியர்வை உப்போ தண்ணீரில் கரைகிற சரக்கு. அக்குளையும் கழுத்துப் பட்டையையும் தனியாகக் கறை எடுக்கச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் உடை மடிப்புக் கலையாமல் மணமாகத் திரும்பி வரும். வேனில் ஏறி அரை மணி நேரம் ஆடியதும் போன வருட வாடை எழுந்து உட்காரும். ரெக்சின் பெல்ட்டைக் கோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் இன்னொரு நஷ்டம். அதை வளையவைக்கும் பொருளைக் கரைப்பான் உறிஞ்சிவிடும். பெல்ட் விறைத்து வெடிக்கும்.

கைச் சலவைக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் லிக்விட் சோப், பொறுமை. உடையை உள்புறம் வெளியே திருப்பி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுத்து, சோப்பு நுரை போகும்வரை அலச வேண்டும். வியர்வைக்கு இதை மிஞ்சிய வைத்தியம் கிடையாது. பாலியெஸ்டர் வெல்வெட்டும் ஃபிளீஸும் இதை நன்றாகவே தாங்கும்.

பயப்பட வேண்டியது சாயத்துக்குத்தான். சிவப்பு இறங்கி வெள்ளை ஃபர் ஓரத்தில் ஏறினால் ரோஸ் கலர் தாத்தாதான் மிச்சம். துவைக்கும் முன் உள்தையலில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் வாளிப் பக்கமே போகாதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கடையில் சாயமேற்றி விற்ற துணியில் அதை நம்பி இறங்குவது சூதாட்டம். புதிதாகத் தைக்கக் கொடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஃபர் ஓரத்தை பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள். டெய்லர் முணுமுணுப்பார், கூலியும் கூடும். ஆனால் வெள்ளையைத் தனியாக, சிவப்பைத் தனியாக நிம்மதியாகத் துவைக்கலாம்.

டிரை கிளீனிங் ஜெயிக்கிற இடமும் உண்டு. கனத்த லைனிங் வைத்த பருத்தி வெல்வெட் கோட்டைத் தண்ணீரில் போட்டால் வெளித்துணி ஒரு அளவுக்கும் லைனிங் ஒரு அளவுக்கும் சுருங்கி, கோட்டு கோணிக்கொள்ளும். அதைக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட கோட்டுக்குள் கைவைத்த பருத்தி பனியன் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். தொப்பைக்குத் தலையணை வைக்கிறவர்கள் அதற்கு இரண்டு உறையாவது வைத்திருக்க வேண்டும்.

வாஷிங் மெஷினை நான் அரை மனதோடுதான் ஏற்கிறேன். தலையணை உறைக்குள் கட்டி, மென்மையான சுற்றில், குளிர்ந்த தண்ணீரில் ஓட்டலாம். டிரையர் மட்டும் ஆகவே ஆகாது. அக்ரிலிக் ஃபர் சூட்டில் நுனி சுருண்டுவிட்டால் எந்தச் சீப்பாலும் மீட்க முடியாது. நிழலில் உலர்த்துங்கள். வெல்வெட் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தடம் விழும். சுருக்கம் போக, வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டாலே போதும்.

அடுத்தடுத்த ராத்திரிகளில் ரவுண்ட்ஸ் என்றால் தினமும் துவைத்துக் காயவைக்க முடியாது. மேற்கத்திய நாடக அரங்குகளில் மலிவான ஓட்காவில் தண்ணீர் கலந்து உடையின் உள்பக்கம் தெளிக்கும் பழக்கம் உண்டு. சபைக் கணக்கு நோட்டில் ஓட்கா என்று எழுத எந்தப் பொருளாளருக்கும் துணிச்சல் வராது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அதே வேலையைச் செய்யும். துணியின் மறைவான ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு, நெருப்பு இல்லாத இடத்தில் தெளித்து, மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். நாற்றம்தான் அடங்கும், அழுக்கு போகாது.

மூன்று தாடிகள்

நம் தெருக்களில் அதிகம் பார்ப்பது முகமூடியும் பஞ்சுத் தாடியும்தான். பஞ்சைத் துவைக்க முடியாது, துவைக்கவும் வேண்டாம். பிய்த்தெறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு ஒட்டினால் வேலை முடிந்தது. சுத்தம் என்ற ஒரே கணக்கில் பார்த்தால் இந்த ஏழைத் தாடிதான் முதலிடம். ஆனால் மெழுகுவர்த்தியும் மத்தாப்பும் சூழ நிற்பவர் முகத்தில் பஞ்சைக் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பஞ்சு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். முகமூடி ரப்பராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்ந்ததும் உள்ளே டால்கம் பவுடர் தூவி, வெயில் படாமல் வையுங்கள். எண்ணெயும் வெயிலும் ரப்பரைப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

அடுத்தது செயற்கை முடி. இதிலும் இரண்டு ரகம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவுத் தாடி ஒரே ராத்திரியில் சடை பிடித்துவிடும். கனேகலான் மாதிரியான மோடாக்ரிலிக் என்ற செயற்கை இழையில் செய்த டோப்பாவும் தாடியும் விலை கூடினாலும் உழைக்கும். எளிதில் தீப்பிடிக்காத இழை என்பது கூடுதல் லாபம். இரண்டையும் துவைப்பது ஒரே மாதிரிதான். முதலில் பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, ஷாம்பூ கலந்த குளிர்ந்த தண்ணீரில் அலசி, கடைசியாகத் துணிகளுக்குப் போடும் கம்ஃபர்ட் கொஞ்சம் கலந்த தண்ணீரில் ஊறவிட்டால் சிக்கு தளரும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றித் தொங்கவிடுங்கள். ஹேர் டிரையர் கூடாது. ஒட்டுப்பசையை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே கூடாது. அதிலிருக்கும் அசிட்டோன் மோடாக்ரிலிக் இழையையே கரைத்துவிடும்.

மூன்றாவது, இமயமலைப் பக்கத்து மாடான யாக்கின் முடியில் செய்த தாடி. வலைத்துணியில் ஒவ்வொரு கொத்தாகக் கையால் முடிந்தது, விலை பல ஆயிரம். முகத்தில் பொருந்தி உட்காரும்போது குழந்தைகள் இழுத்துப் பார்த்தே நம்புவார்கள். இது நிஜ முடி என்பதால் தலைமுடி மாதிரியே ஷாம்பூ, கண்டிஷனர் போட்டு அலசலாம். ஈரத்தில் ரோலர் சுற்றினால் சுருளும் திரும்பும். மஞ்சளித்தால்தான் சோதனை. வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் பிளீச் முடியின் புரதத்தை அரித்து இன்னும் மஞ்சளாக்கும். பலர் சொட்டு நீலத்தை எடுப்பார்கள். யோசனை சரிதான், ஊதாச் சாயல் மஞ்சளை மறைக்கும், சலூன்களில் விற்கும் ஊதா ஷாம்பூவின் வேலையும் அதுதான். ஆனால் பாலியெஸ்டர் இழையில் அந்தச் சாயம் பிடிக்காது, யாக் முடியிலோ கப்பென்று பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரே சொட்டு, அமுக்கி உடனே எடுத்துவிட வேண்டும். தாடியை முகத்தில் ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் வலை ஓரத்தில் காய்ந்திருந்தால், அதை எடுக்க, பழைய துண்டின் மேல் வலையை விரித்து ஐசோப்ரொப்பைலால் ஒற்றினால் பசை துண்டில் இறங்கும்.

நம் வெக்கைக்கு என் ஓட்டு மோடாக்ரிலிக் தாடிக்கு. யாக் முடி ஏசி அரங்கில் போட்டோவுக்கு உட்காரும் தாத்தாவுக்குச் சரி. தெருவில் ஆடினால் வியர்வையில் ஸ்பிரிட் கம் விட்டுக்கொடுத்துவிடும். வாடகைக் கடைத் தாடியைப் பற்றி ஒரு வார்த்தை: டிசம்பரில் அது ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குக் காயாமலே போகும். உடையை வாடகைக்கு எடுங்கள், பெல்ட்டையும் பூட்ஸையும் எடுங்கள்; தாடியை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அலமாரியில்

பிளாஸ்டிக் உறையா, பருத்தி உறையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் பிளாஸ்டிக்குக்குள் பூஞ்சை படரும். பழைய வேட்டியில் சுற்றிவைத்தாலே போதும்.

அந்துருண்டை போடலாமா? அந்துப்பூச்சி தின்பது கம்பளியையும் நிஜ முடியையும். செயற்கை இழை அதற்கு ஆகாரமில்லை. செயற்கைத் தாடியோடு உருண்டையைப் போடுவது வீண் வேலை. யாக் தாடிக்குக்கூட நான் போடமாட்டேன். நாஃப்தலின் வாடையைத் தாத்தா மணிக்கணக்கில் மூக்கருகில் சுமக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு அந்துருண்டை வைத்த துணிகளாலேயே சிவப்பணுக்கள் சிதைந்திருக்கின்றன. தாத்தாவின் மடியில் வந்து உட்காருவது குழந்தைகள்தானே. யாக் தாடியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, இறுக்கி மூடும் டப்பாவில் போட்டுவையுங்கள். கூடவே ஒரு மீட்டர் புது எலாஸ்டிக்கும் இருக்கட்டும். பழையது அடுத்த டிசம்பருக்குள் இளகித் தொங்கியிருக்கும்.