24 வார்த்தைகளை எதில் எழுதுவது: அட்டையிலா, எவர்சில்வர் தகட்டிலா?

போன ஐப்பசி மழையில் காவேரிப்பட்டணத்து வீட்டின் பின்னறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. பீரோவின் அடித்தட்டில் இருந்த கவரைச் சந்தேகத்தோடு பிரித்துப் பார்த்தேன். உள்ளே என் ஹார்டுவேர் வாலட்டின் 24 வார்த்தைகள். கிரிப்டோ காயின்களின் சாவியைப் பூட்டி வைக்கும் சின்னக் கருவி அந்த வாலட், கருவி போனாலும் காயினை மீட்டுத் தருவது இந்த வார்த்தைகள்தான். ஜெல் பேனாவில் எழுதிய அட்டை அது. ஒன்பதாவது, பத்தாவது, பதினாறாவது வார்த்தைகள் இருந்த இடத்தில் நீலக் கறைதான் இருந்தது.

கருவி நன்றாக வேலை செய்ததால் பணம் போகவில்லை. ஆனால் அந்த வார்த்தைகளை என் கருவி தொடங்கும்போது ஒரு தடவைதான் காட்டும், அப்புறம் கேட்டாலும் காட்டாது. அதனால் காயினை, அதை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, கருவியை அழித்து, புது வார்த்தைகளோடு தொடங்கி, மறுபடி காயினை உள்ளே கொண்டுவந்தேன். போக வர இரண்டு கட்டணம். ஒரே ஒரு வார்த்தைதான் அழிந்திருந்தது என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். இந்த வார்த்தைகளை எடுக்கும் மொத்தப் பட்டியலே 2048 ஆங்கிலச் சொற்கள்தான். 24 வார்த்தைத் தொடரில் சரிபார்ப்புக்கென்று ஒரு பகுதி ஒளிந்திருப்பதால், காணாமல் போன ஒரு சொல்லுக்குச் சுமார் எட்டு சொற்கள்தான் பொருந்தும். கருவியிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்று சொற்கள் என்றால் கையால் ஆகாது. அதற்காக எந்த வெப்சைட்டிலும் போய் வார்த்தைகளைத் தட்டிவிடாதீர்கள், அதோடு கதை முடிந்தது.

எந்தக் கருவி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. நான் வைத்திருப்பது லெட்ஜர் நானோ எஸ் பிளஸ். ட்ரெசர் சேஃப் 3 வாங்கியிருந்தாலும் இந்தக் கட்டுரை இப்படியேதான் இருந்திருக்கும், என்ன, அதில் வழக்கமாக 20 வார்த்தைகள் வரும். கம்பெனியின் சொந்தத் தளத்திலோ, அவர்களே பட்டியலில் போட்டிருக்கும் விற்பனையாளரிடமோ வாங்குங்கள். பெட்டிக்குள்ளேயே வார்த்தைகள் எழுதிய அட்டை வந்தால் அது திருடன் அனுப்பியது. லெட்ஜர் வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் 2020இல் கசிந்தன. அடுத்த ஆண்டே அந்த முகவரிகளுக்குப் போலிக் கருவிகள் தபாலில் போய்ச் சேர்ந்தன.

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் களவு போனபோது என் காசு அதில் இல்லை. ஆனாலும் அந்த வாரம்தான் கருவியை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது: கருவி வெறும் பூட்டு. அது உடைந்தால் இன்னொன்று வாங்கி அந்த வார்த்தைகளைப் போட்டால் எல்லாம் திரும்பி வரும். வார்த்தைகள் போனால் எதுவும் வராது. ஆகவே உண்மையான போட்டி லெட்ஜருக்கும் ட்ரெசருக்கும் இல்லை, அட்டைக்கும் தகட்டுக்கும்தான்.

முதலில் அட்டை. பத்து நிமிட வேலை, செலவு இல்லை, ஒரு பழைய டைரிக்குள் செருகிவிடலாம். ஜெல் பேனாவுக்குப் பதில் பென்சிலில் எழுதியிருந்தால் என் அட்டை தப்பியிருக்கும், பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. லேமினேட் செய்யலாமே என்று தோன்றும். ஜெராக்ஸ் கடைத் தம்பியின் கையில் உங்கள் மொத்தச் சேமிப்பையும் கொடுத்து, "கொஞ்சம் சூடு பண்ணிக் கொடுப்பா" என்று கேட்கிற மாதிரி அது. போனில் படம் எடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம், அது நேராக கூகுள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு தப்பையும் நானே செய்யப் போனேன். அம்மாவுக்கும் படிக்க வரட்டுமே என்று வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுத நினைத்தேன். பட்டியலில் வலது என்று பொருள்படும் ரைட் இருக்கிறது, எழுது என்று பொருள்படும் ரைட்டும் இருக்கிறது. ஜோடியைக் குறிக்கும் பேர் இருக்கிறது, பேரிக்காயைக் குறிக்கும் பேரும் இருக்கிறது. தமிழில் எழுதினால் எது எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

அட்டையை நான் கைவிட்டது தீக்கும் மழைக்கும் பயந்து மட்டும் இல்லை, பராமரிப்பால்தான். காகிதம் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். ஓதம், கரையான், மடிப்பில் கிழிசல் என்று ஏதாவது இருக்கும். திரும்ப எழுத வேண்டும். எழுதும் ஒவ்வொரு முறையும் பிழை விழ ஒரு வாய்ப்பு, பக்கத்தில் யாராவது எட்டிப் பார்க்க ஒரு வாய்ப்பு, பழைய அட்டையைக் கொளுத்த மறந்துவிட ஒரு வாய்ப்பு. ஐந்து வருஷத்தில் ஐந்து தடவை இந்தக் கண்டத்தைத் தாண்ட வேண்டும். தகட்டில் ஒரு தடவைதான்.

நான் ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். பாகங்களின் மேல் நம்பர் அடிக்கிற எழுத்துப் பஞ்ச் எனக்குப் பழகிய சாமான். 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு செட் வாங்கினேன், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தெரிந்த லேத் பட்டறையில் 2 மில்லிமீட்டர் எவர்சில்வர் துண்டு இரண்டு சும்மாவே கொடுத்தார்கள். வெளிநாட்டு ரெடிமேட் தகடுகளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. அலுமினியத்தில் அடிப்பது வெண்ணெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் அது 660 டிகிரியில் உருகிவிடும். வீடு பற்றி எரிந்தால் அந்தச் சூடு சாதாரணம். எவர்சில்வர் 1400 டிகிரி வரை தாங்கும். "கிருஷ்ணகிரிக்காரன்தானே, கிரானைட்டில் கல்வெட்டாக வெட்டிவிடேன்" என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். கிரானைட்டும் நெருப்பில் வெடித்துச் சிதறும், அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று விரிகிறது.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற மெஷினில் கொடுத்துவிடலாமே என்றால், ஜெராக்ஸ் கடைக்குச் சொன்னதுதான் இதற்கும்.

அடிக்க வேண்டியது முழு வார்த்தை இல்லை. பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆக ஒரு சொல்லுக்கு நாலு எழுத்து, 24 சொல்லுக்கு அதிகபட்சம் 96 அடி. சொற்களுக்குப் பதில் பட்டியல் எண்ணை அடித்தால் இன்னும் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். சிலர் பட்டியலைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள், சிலர் ஒன்றிலிருந்து. அதோடு எண் பஞ்ச் செட்டில் ஒன்பது துண்டுதான் வரும், ஆறைத் திருப்பிப் பிடித்தால் ஒன்பது. இப்படி ஒரு செட்டை நம்பி யார் ஆயுள் சேமிப்பை எழுதுவார்கள்?

எழுத்திலும் இந்த ஆபத்து ஒன்று உண்டு. எம் தலைகீழாக விழுந்தால் டபிள்யூ ஆகிவிடும். உதாரணத்துக்குச் சொல்கிறேன், இது என் வார்த்தை இல்லை: இறைச்சிக்கான மீட் என்ற சொல்லின் எம் புரண்டால், அது வெதர் என்ற சொல்லின் முதல் நாலு எழுத்தாக மாறிவிடும். இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன. பஞ்சின் ஒரு பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோடு எப்போதும் என் நெஞ்சைப் பார்த்து இருக்கும்படி பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தண்டவாளத் துண்டின் மேல் தகட்டை வைத்து டங் டங்கென்று அடித்தேன். எவர்சில்வர் கெட்டி, சுத்தியலை ஒரே வீச்சில் இறக்க வேண்டும். தயங்கி இரண்டு தடவை தட்டினால் எழுத்து இரட்டையாக விழும். முதல் வரி கோணலாகப் போனது. மூன்றாவது வரியில் கை படிந்துவிட்டது.

தகட்டுக்கும் குறை உண்டு. யார் கையில் கிடைத்தாலும் அடுத்த நிமிடம் பணம் அவருடையது. 25ஆவது வார்த்தையாக ஒரு கடவுச்சொல் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். நான் சேர்க்கவில்லை, அதை மறந்துவிடுவேன் என்ற பயம் திருட்டுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பாதித் தகடு இங்கே, பாதி அங்கே என்று பிரிப்பதும் சரியில்லை, ஒன்று தொலைந்தால் இரண்டும் வீண். மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் போதும் என்று பிரிக்கும் வசதி ட்ரெசரில் இருக்கிறது. சொத்து பெரிதென்றால் அதற்காகவே அந்தக் கருவி பக்கம் போகலாம், நான் புழங்கிப் பார்த்ததில்லை. தீயிலும் என் தகட்டைப் போட்டுப் பார்க்கவில்லை, உருகுநிலைக் கணக்கை நம்பித்தான் இருக்கிறேன். பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்குக் காயின் வைத்திருப்பவர்களுக்குப் பென்சில் அட்டையே போதும்.

தகடு ஒன்று வங்கி லாக்கரில், ஒன்று வீட்டில். வீட்டில் இருப்பதைப் பற்றித்தான் மனைவியிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கேட்டு வாங்கிவிட்டால் என்ன செய்வது?

சொன்னதோடு விடாமல் ஒத்திகையும் பார்த்தோம். கருவியில் சின்னத் தொகை மட்டும் வைத்து, காயின் வந்து சேரும் அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு, பின் நம்பரை வேண்டுமென்றே மூன்று தடவை தப்பாகப் போட்டேன். லெட்ஜர் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து அவள் தகட்டை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் கருவியில் ஏற்றினேன். 24 முடிந்ததும் தொடர் தவறு என்று திரையில் வந்தது.

"ஏங்க, இந்த ஆறாவது வரியில இருக்கிறது ஓ-வா, க்யூ-வா?"

க்யூவின் வால் சரியாக விழவில்லை. மறுபடி பஞ்சை எடுத்து, அந்த ஒரு எழுத்தின் மேல் இன்னொரு அடி போட்டேன். இரண்டாவது முறை ஏற்றியபோது பழைய முகவரியே திரையில் வந்தது. மீதிக் காயினை அன்று ராத்திரி மாற்றினேன்.