சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகள்: சீரமைப்புக்குப் பின் ஒரு மதிப்பீடு

சோவியத் ஒன்றியத்திடமிருந்து இந்தியக் கடற்படை வாங்கிய சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகளில் முதலாவது 1986-இல் பணியில் சேர்ந்தது. பத்தாவதும் கடைசியுமான சிந்துசாஸ்திரா 2000-இல் ரஷ்யாவிலிருந்து வந்தது. இடையில் கடல் போர்முறையும் மின்னணுக் கருவிகளும் வெகுவாக மாறிவிட்டபடியால், இவற்றை எடைபோடும்போது அன்று வாங்கிய கப்பலை மட்டும் பார்த்தால் போதாது. அதன்மீது அடுத்தடுத்துச் செய்யப்பட்ட சீரமைப்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடிப்படை வடிவமைப்புக்குத் தயங்காமல் உயர்ந்த மதிப்பெண் தருவேன். டீசல் எந்திரங்கள் உந்துவிசிறியை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அவை மின்சாரம் உற்பத்தி செய்ய, மின்மோட்டாரே கப்பலைச் செலுத்துகிறது. நீரடியில் எந்திரங்களை நிறுத்திவிட்டு மின்கலத்தில் ஓடும்போது, ஒலியை உறிஞ்சும் ரப்பர்த் தகடுகள் போர்த்திய இந்த உருவத்தை எதிரியின் சோனார் (நீரடியில் இருப்பதை ஒலியால் அறியும் கருவி) கண்டுபிடிப்பது கடினம். சுமார் 72 மீட்டர் நீளம், மூழ்கிய நிலையில் ஏறத்தாழ 3,000 டன் எடை, நீரடியில் பாயும் டார்பிடோ குண்டுகளை ஏவும் ஆறு குழாய்கள், 300 மீட்டர் வரை ஆழம் என்ற அளவுகள் இன்றும் சிறுமைப்படத் தக்கவை அல்ல.

குறை மின்கலத்திலிருந்தே தொடங்குகிறது. குளிர்ந்த வடக்குக் கடல்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மின்கலங்கள் நமது வெப்பக் கடலில் எதிர்பார்த்தபடி உழைக்கவில்லை. பின்னர் இந்தியாவிலேயே மின்கலங்கள் செய்யவேண்டி வந்தது. வெளிக்காற்று இல்லாமலே நீரடியில் மின்சாரம் தயாரிக்கும் காற்றில்லா உந்துமுறை இவற்றில் இல்லாததால், டீசல் எந்திரங்களை இயக்கி மின்னேற்றம் செய்துகொள்ள அவ்வப்போது மேற்பரப்பை ஒட்டி வந்து காற்றுக்குழாயை நீட்டியே ஆகவேண்டும். மறைந்திருப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் தன்னை வெளிக்காட்டும் நேரம் அதுதான்.

சீரமைப்பு பெரும்பாலும் ரஷ்யாவின் வெண்கடற்கரையிலுள்ள செவெரோட்வின்ஸ்க் நகரின் ஸ்வெஸ்டோச்கா தளத்தில் நடந்தது. டார்பிடோக் குழாய் வழியாகவே ஏவப்பட்டு, சுமார் 220 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பலைத் தாக்கும் கிளப் ஏவுகணை அங்கே பொருத்தப்பட்டது. செய்திகளில் பேர்பெற்றது இந்த ஏவுகணையே என்றாலும், நான் பெரிதாக மதிப்பது கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய உஷஸ் சோனாரைத்தான். நீர்மூழ்கிக்குக் காதே கண். அந்தக் காதை நாமே செய்து, சோவியத் காலக் கருவி இருந்த இடத்தில் பொருத்தி, அதைப் பழுதுபார்க்கும் அறிவையும் நம்மிடமே வைத்துக்கொண்டது இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பலன். உஷஸ், செயற்கைக்கோள் தொடர்பு போன்ற உள்நாட்டுக் கருவிகளை முதலில் ஏற்றுச் சோதித்த சிந்துத்வஜ், 35 ஆண்டு உழைத்தபின் 2022 ஜூலையில் ஓய்வு பெற்றது.

காலக்கணக்கில்தான் மனம் வருந்துகிறது. விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல்கட்டும் தளத்துக்கு 2006-இல் சென்ற சிந்துகீர்த்தி 2015-இல்தான் கடலுக்குத் திரும்பியது. ஒன்பது ஆண்டுகள் ஒரு போர்க்கப்பல் தரையில் கிடப்பது பெரும் இழப்பு. ஆயினும் அதே தளம் பின்னாளில் சிந்துவீரைச் சீரமைத்து, 2020-இல் அது மியான்மருக்குக் கைமாறியதைப் பார்க்கும்போது, அந்தத் தாமதத்தில் கற்றது வீண்போகவில்லை என்றே கருதுகிறேன்.

ரஷ்யாவில் சீரமைக்கப்பட்டுத் திரும்பிய சில மாதங்களிலேயே, 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் வெடித்து மூழ்கியது. பதினெட்டு வீரர்கள் மாண்டனர். ஆயுதங்கள் வைத்திருந்த முன்பகுதியில் நேர்ந்த அந்த வெடிப்பை மின்கலத்தின் கணக்கில் சேர்க்க இயலாது. ஆனால் 2010-இல் அதே கப்பலில் ஒருவரைப் பலிகொண்ட தீ மின்கல அறையில் மூண்டது. 2014 பிப்ரவரியில் சிந்துரத்னாவில் இரண்டு அதிகாரிகளின் உயிரைப் பறித்த புகையும் மின்கலப் பகுதியின் கம்பிகளிலிருந்தே கிளம்பியது. அன்றே தார்மீகப் பொறுப்பேற்றுக் கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பதவி விலகினார்.

எனவே, எஞ்சியிருக்கும் கப்பல்களின் ஆயுளை இன்னும் நீட்டிப்பதானால், புதிய ஏவுகணைக்கோ புதிய கணினித் திரைகளுக்கோ பணம் ஒதுக்குமுன் மின்கலங்கள், அவற்றின் கம்பிகள், மின்னேற்றத்தின்போது அவை வெளிவிடும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியேற்றும் காற்றோட்டக் குழாய்கள் ஆகிய மூன்றையும் முழுமையாக மாற்ற வேண்டும்.