நாகர்கோவில் வாடகை நூலகத்தின் சட்ட அலமாரி

நாகர்கோவில் மணிமேடைக்கு அருகே மாடியில் இயங்கும் சிறிய வாடகை நூலகத்தில் சட்ட நூல்களுக்கென்றே ஓர் அலமாரி இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் எடுத்துவந்த தொகுப்பில், அமெரிக்காவின் அலபாமாவில் 1985-இல் கொலை வழக்கில் கைதான ஆந்தனி ரே ஹின்டன், குண்டுகள் அவருடைய தாயாரின் ரிவால்வரிலிருந்தே பாய்ந்தவை என்ற தவறான சாட்சியத்தால் மரண தண்டனை பெற்று, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் 2015-இல் விடுதலையான வரலாறு இருந்தது. அந்தச் சாட்சியத்தை மறுக்கத் துப்பாக்கி நிபுணரை அமர்த்த நீதிமன்றத்திலிருந்து 1000 டாலர்தான் கிடைக்கும் என்று அவருடைய வழக்கறிஞர் தவறாக எண்ணியிருந்தார். சட்டமோ அதற்கு மேலும் அனுமதித்தது. அந்த வரியை யாரோ பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார்கள். நானும் அதைக் கடக்க முடியாமல் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். புத்தகத்தில் நான்கு பக்கங்கள் இல்லையென்றதும், “வேற பிரதி வாங்கி வைக்கேன் தம்பி” என்ற நூலக அண்ணாச்சி, மறுவாரமே வைத்துவிட்டார். வாடகை வாரத்துக்கு 20 ரூபாய்.